மொட்டை மாடி, ஷட்டில் கோர்ட், மலைப்பாதை: வெளியில் கொசுவுக்கு எதை வாங்கலாம்?

கொசுவுக்கென்று மளிகைக் கடையில் ஒரு தட்டு முழுக்கச் சரக்கு இருக்கிறது. சுருள், மெஷினில் மாட்டும் திரவம், கொளுத்தும் அட்டை, ஊதுவத்தி, கிரீம், துணியில் வைக்கும் ரோல்-ஆன், ஸ்டிக்கர், கைப்பட்டை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை நாலு சுவரும் ஒரு கூரையும் உள்ள இடத்துக்காகச் செய்தவை. மருந்து காற்றில் கலந்து, வெளியேறாமல் தங்கி, ஓரளவுக்குச் சேர்ந்தால்தான் கொசு மயங்கும். மொட்டை மாடியில் காற்று நிற்பதே இல்லை. ஷட்டில் கோர்ட்டிலும் ஏரிக்கரையிலும் அப்படித்தான். அறைக்குள் அருமையாக வேலை செய்த அதே திரவ மெஷினை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி மாடிக்குக் கொண்டுபோனால், கரண்டும் மருந்தும்தான் செலவாகும்.

வெளியிடத்தில் பலன் தருபவை மூன்றே வகை. மருந்து உங்கள் தோலில் இருக்க வேண்டும், அல்லது கொசு பறக்க முடியாத அளவுக்குக் காற்று வீச வேண்டும், அல்லது துணியோ வலையோ இடையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் இங்கே பார்த்திருக்கிறோம்.

முதலில், கடிக்க வருவது எது என்று தெரிந்துகொள்வது நல்லது. டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் பகல் கொசு. சூரியன் உதித்த பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரமும், சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உச்சம். காலில் வெள்ளை வரிகள் இருக்கும். மேசைக்கு அடியில், கணுக்கால் பக்கம், சத்தமே இல்லாமல் வந்து கடித்துவிட்டுப் போகும். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய், தெருச் சாக்கடை போன்ற அழுக்குத் தண்ணீரில் பெருகுவது கியூலெக்ஸ். அது இருட்டத் தொடங்கியதும் கிளம்பும். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். சென்னையில் மலேரியாவுக்குக் காரணமான அனாபிலஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிட்டு இரவில் கடிக்கும்.

சென்னையில் நவம்பரில் சூரியன் மாலை 5:40 சுமாருக்கே மறைந்துவிடும், ஜூலையில் 6:40 ஆகும். நவம்பரில் 4 மணிக்கு விளையாடப் போகும் பிள்ளையைக் கடிப்பது ஏடிஸ். அது டெங்கு மாதம். 'இருட்டினதுக்கு அப்புறம் தடவிக்கலாம்' என்று கிரீமைத் தள்ளிப்போடுவது அந்தப் பருவத்தில் தப்பான கணக்கு. பள்ளிவிட்டு வந்து முகம் கழுவியதுமே தடவிவிட வேண்டும்.

கிரீம்: சரியான பொருள், தப்பான அளவு

ஓடோமாஸ் என்பது நம் ஊரில் பல வீடுகளில் கொசு கிரீமுக்கே பெயராகிவிட்டது. பால்சரா நிறுவனத்திடம் இருந்த அந்தப் பெயர் 2005-இல் டாபர் கைக்குப் போனது. கிரீமில் உள்ள மருந்து என்,என்-டைஎத்தில் பென்சமைடு, 12 சதவீதம். உலகம் முழுக்கப் பேசப்படும் டீட் என்ற மருந்துக்கு இது நெருங்கிய சொந்தம். டீட்டின் வளையத்தில் உள்ள ஒரு மெத்தில் தொகுதி இதில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டீட் 1946-இல் அமெரிக்க ராணுவத்தின் பயன்பாட்டுக்கு வந்தது, 1957-இல் பொதுமக்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டிலும் ராணுவத் தேவைக்காக, குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் டெபா என்ற மருந்தை உருவாக்கியது. இந்த வகை மருந்துகள் கொசுவைக் கொல்வதில்லை. நம் தோலின் வாடையை வைத்து அது நம்மைக் கண்டுபிடிப்பதைக் குழப்பிவிடுகின்றன. அதனால்தான் தடவாமல் விட்ட இரண்டு விரல் அகல இடத்தை அது தேடி வந்து கடிக்கிறது.

'கிரீம் போட்டும் கடிக்குது' என்ற புகாருக்கு முக்கால்வாசிக் காரணம் அளவுதான். கொசு விரட்டிகளை ஆய்வகத்தில் சோதிக்கும்போது, முழங்கை முதல் மணிக்கட்டு வரையிலான ஒரு கைக்கு, அதாவது சுமார் 600 சதுர சென்டிமீட்டருக்கு, 1 மில்லி தடவுகிறார்கள். வீட்டில் நாம் பட்டாணி அளவு எடுத்து ஒரு கை முழுக்க இழுத்துவிடுகிறோம்.

வீட்டிலேயே அளக்க எளிய வழி உண்டு. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூப்பிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். இந்தக் கணக்கில், முழங்கைக்குக் கீழே இரண்டு கைக்கும் சேர்த்து 5 கோடு, முழங்காலுக்குக் கீழே பாதம் உட்பட இரண்டு காலுக்கும் 10 கோடு, முகம் கழுத்துக்கு இரண்டு, இரண்டரைக் கோடு. மொத்தம் 8 முதல் 9 கிராம். அப்படியென்றால் 50 கிராம் டியூப் ஒரு ஆளுக்கு ஆறு மாலைகூட முழுசாக வராது. நாலு பேர் உள்ள குடும்பத்தில் ஒரே டியூப் மாதக்கணக்கில் ஓடுகிறது என்றால், யாருக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

செலவைக் குறைக்க ஒரே நல்ல வழி உடுப்பு. முழுக்கை சட்டையும் பேன்ட்டும் போட்டால் கையின் முன்பகுதி, பாதம், கணுக்கால், கழுத்து, முகம் மட்டுமே மிச்சம். கிரீம் 4 கிராமில் முடிந்துவிடும். அதாவது, ஒரு பழைய காட்டன் பேன்ட் பாதி டியூப்பை மிச்சப்படுத்துகிறது.

தடவும்போது விட்டுப்போகும் இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்: பின்கழுத்து, காதின் பின்பக்கம், குதிகாலுக்கு மேலே உள்ள நரம்புப் பகுதி, விரல் முட்டிகள், செருப்பு வாருக்கு இடையில் தெரியும் பாதம். கணுக்காலுக்குத் தடவும்போது குனிந்து முன்பக்கம் மட்டும் இழுத்துவிட்டு நிமிர்ந்துவிடுவோம். காலை நாற்காலியில் தூக்கி வைத்துச் சுற்றிலும் தடவுங்கள்.

வெயில் நேரமென்றால் முதலில் சன்ஸ்கிரீன், அது தோலில் ஊற 15 அல்லது 20 நிமிடம் விட்டு, மேலே கொசு கிரீம். மாற்றிப் போட்டால் சன்ஸ்கிரீன் மருந்தை மூடிவிடும். இரண்டும் கலந்து ஒரே டியூப்பில் வருவதை வாங்க வேண்டாம். சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொருமுறை போட வேண்டும், கொசு மருந்தை அவ்வளவு அடிக்கடி போடக் கூடாது. முகத்துக்கு நேராகப் பிதுக்காமல், ஸ்பிரே என்றால் நேராக அடிக்காமல், உள்ளங்கையில் எடுத்துக் கண், வாய் தவிர்த்துத் தடவுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்தான் தடவிவிட வேண்டும். பிள்ளையின் உள்ளங்கையிலும் விரலிலும் வேண்டாம், அது நேராக வாய்க்குப் போகும். காயம், சிரங்கு, அப்போதுதான் சவரம் செய்த தோல் ஆகியவற்றில் படக் கூடாது. உடுப்புக்கு அடியில் தடவுவது வீண் மட்டுமல்ல, தோல் எரிச்சலுக்கும் வழி. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அட்டைப்பெட்டியில் உள்ள மணிக்கணக்கை அப்படியே நம்ப முடியாது. சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி ஏறினால் பாதுகாப்பு நேரம் பாதிவரை குறையலாம். வியர்வை வேறு மருந்தைக் கரைத்துக்கொண்டு போகும். மே மாத மாலையில் ஷட்டில் ஆடுபவர், டவலால் கையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மருந்தையும் துடைத்தெடுக்கிறார். ஆட்டத்துக்கு இடையில் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வியர்வையில் மருந்து கரைந்து கடி தொடங்கினால், கணுக்காலுக்கும் பின்கழுத்துக்கும் மட்டும் திரும்பத் தடவினால் போதும். சும்மா உட்கார்ந்து பேசும் மாலைக்கு ஒரே தடவை தடவினாலே சாப்பாட்டு நேரம் வரை தாங்கும்.

ஒரே பிராண்டில் பல வகை வருகிறது. இலைப் படம் போட்ட 'இயற்கை' வகையில் வேறு மருந்து இருக்கலாம். முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் மருந்தின் பெயரும் சதவீதமும் பார்த்து வாங்குங்கள். டீட், பிகாரிடின், ஐஆர்3535, டைஎத்தில் பென்சமைடு ஆகிய நாலில் ஒன்று இருந்தால் எடுக்கலாம்.

டீட் பற்றி இரண்டு விஷயம். 10 சதவீதம் சுமார் 2 மணி நேரம், 30 சதவீதம் சுமார் 5 மணி நேரம் என்பது பொதுக்கணக்கு. 50 சதவீதத்துக்கு மேல் போனாலும் நேரம் பெரிதாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும். இரண்டாவது, அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கண்ணாடி ஃபிரேம், வாட்ச் வார், நகப்பூச்சு, ரெக்சின் பை, ஸ்பான்டெக்ஸ் கலந்த விளையாட்டு உடுப்பு எல்லாம் கெட்டுப்போகும். தடவிய கையால் மொபைல் கவரைப் பிடித்தால் பிசுபிசுவென்று இளகிவிடும். பிகாரிடினில் இந்தத் தொல்லை இல்லை, வாடையும் குறைவு. விலை கூடுதல்தான், ஆனால் கேமரா, பைனாகுலர் எடுத்துக்கொண்டு பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அதுதான் நல்லது. டீட்டை 2 மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குப் போடவே கூடாது. அந்த வயதுக்கு வலைதான்.

ஃபேன்

இதைக் கொசுப் பொருளாக யாரும் விற்பதில்லை. மாடிக்கு இதைவிட நல்ல பொருளும் இல்லை. கொசு பறக்கும் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர் அளவுதான். ஒரு சாதாரண டேபிள் ஃபேன் காற்று அதைவிடப் பல மடங்கு. எதிர்க் காற்றில் அதனால் வந்து உட்கார முடியாது. அதோடு, நாம் விடும் மூச்சுக் காற்றும் வியர்வை வாடையும்தான் கொசுவுக்கு வழிகாட்டி. ஃபேன் அதையும் கலைத்துவிடுகிறது.

எல்லாரும் செய்யும் தவறு ஃபேனை முகத்துக்கு நேராக வைப்பது. முகத்துக்குக் காற்று வரும், கடி கணுக்காலில் விழும். ஏடிஸ் தாழப் பறப்பது. பெடஸ்டல் ஃபேன் என்றால் தண்டை முழுக்க இறக்கி, தலையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள். டேபிள் ஃபேன் என்றால் ஒரு செங்கல்லின் மேலோ தாழ்ந்த ஸ்டூலின் மேலோ வைத்து, 6 முதல் 8 அடி தூரத்தில், காற்று எல்லார் முழங்காலுக்குக் கீழேயும் குறுக்காகப் போகும்படி திருப்புங்கள். ஃபேனை இயற்கைக் காற்றுக்கு எதிராக வைக்காமல், அது வீசும் திசையிலேயே வையுங்கள். தலை சுழலும் பொத்தானை மேலே இழுத்துவிடுங்கள், சுழலக் கூடாது. சுழலும்போது மறுபக்கம் போய்வரும் அந்தச் சில நொடி கொசுவுக்குப் போதும். நாலு பேர் வரை ஒரே ஃபேன் தாங்கும், அவர்கள் வட்டமாக உட்காராமல் வரிசையாக உட்கார்ந்தால். வட்டமாகத்தான் உட்கார வேண்டும் என்றால் எதிரெதிர் மூலையில் இரண்டு ஃபேன்.

மழை ஈரத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள், நாற்காலி மேல் வையுங்கள். மூன்று பின் உள்ள வயராக, எர்த் உள்ள பாயின்டிலிருந்து எடுங்கள். கரண்ட் இல்லாத இடத்துக்குச் சார்ஜ் ஃபேன் உண்டு. ஆனால் கைக்குள் அடங்கும் சின்ன ஃபேன் ஒரு ஆளின் முகத்துக்குத்தான் ஆகும், காலுக்குப் பற்றாது. வாங்குவதென்றால் 12 அங்குல இறக்கையாவது இருப்பதாகப் பாருங்கள்.

நாற்காலியையும் இதோடு கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலியில் உட்கார்ந்தால், பின்னலின் இடைவெளி வழியாகத் தொடையின் பின்பக்கம் கடிக்கும். எழுந்து பார்த்தால் தடிப்பு வரிசையாக, பின்னலின் கட்டம் போலவே இருக்கும். உடுப்பு அங்கே தோலோடு இறுகி ஒட்டியிருப்பதால் துணி இருந்தும் பயனில்லை. ஒரு தடித்த டர்க்கி டவலை நாலாக மடித்துப் போட்டு உட்காருங்கள், அந்தக் கடி நின்றுவிடும். லெகிங்ஸ், இறுக்கமான டிரை-ஃபிட் பனியன், மெல்லிய சாக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். துணி தோலை விட்டு விலகித் தொளதொளவென்று இருந்தால்தான் ஊசி எட்டாது. நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் கொசுவை இழுக்கும்.

கொசுவத்திச் சுருள்

சுருளை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. காற்று அசையாத புழுக்கமான மாலையில், முற்றத்திலோ திண்ணையிலோ, புகை போகும் திசையில் உட்கார்ந்தால் ஓரளவு பலன் உண்டு. அது எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சுருளைக் காலடியில் வைக்காதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம், நாலைந்து அடி தள்ளி, தரையில் வையுங்கள். புகை உங்களைத் தாண்டிப் போக வேண்டும். காற்று திசை மாறினால் சுருளும் இடம் மாற வேண்டும். காற்று பலமாக வீசும் மாடியில் புகை கலைந்துபோவதோடு சுருளும் சீக்கிரம் எரிந்து தீரும். அங்கே அது வீண்.

இரண்டு சுருள் ஒன்றோடொன்று பின்னியே வரும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒடியும். பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்து, நடுவில் உள்ள கண்ணைக் கட்டை விரலால் மெல்லத் தள்ளி, வெளிச்சுற்றை இன்னொரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தால் முழுசாகப் பிரியும். ஒடிந்த துண்டைத் தூக்கிப்போட வேண்டாம், தகரத் தாங்கியில் துண்டாகவே செருகி அரை மணி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் பாதியில் அணைவதற்குக் காரணம் ஈரம். மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள் கலந்த மாவு அது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பெட்டி பிரித்ததும் மிச்சத்தை ஜிப் கவரில் போட்டு மூடுங்கள்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஒரு ஆய்வு அளந்து சொன்னது. திறந்த வெளியில் அந்த அளவு சேராது என்றாலும், ஆஸ்துமா உள்ளவரையும் கைக்குழந்தையையும் புகைப்பாதையில் உட்கார வைக்கக் கூடாது. வலைக்குள்ளும் டென்ட்டுக்குள்ளும் சுருளைக் கொளுத்தவே கூடாது. பாயில், மெத்தையில் விழுந்து கங்கு பிடித்தால் தீ எழும் முன் புகை ஆளை மயக்கிவிடும்.

கொசு ஊதுவத்தி வாங்கும்போது கவனம் தேவை. இந்தியாவில் வீட்டுப் பூச்சிமருந்து எதுவானாலும் 1968-ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். பாக்கெட்டில் பதிவு எண்ணும், மருந்தின் பெயரும் சதவீதமும், நச்சுத்தன்மையைக் காட்டும் நிற முக்கோணமும் இருக்க வேண்டும். 'மூலிகை' என்று மட்டும் போட்டு, கொளுத்திய நொடியில் கொசு பொத்தென்று விழுகிறதென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாத ரசாயனம் இருக்கிறது. அதை மூச்சில் இழுக்க வேண்டாம்.

மற்றவை

கைப்பட்டையும் ஸ்டிக்கரும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கொசுவுக்கு ஒன்றும் செய்யாது. அமெரிக்காவில் 2002-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஒப்பீட்டுச் சோதனையில், ஏறத்தாழ 24 சதவீத டீட் சராசரியாக 5 மணி நேரம் கடியைத் தடுத்தது. சிட்ரோனெல்லா எண்ணெய் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. கைப்பட்டை அரை நிமிடத்துக்கும் குறைவு. மணிக்கட்டில் கட்டினால் மணிக்கட்டை ஒட்டிய இரண்டு அங்குலத்துக்கு வேண்டுமானால் வாடை இருக்கும், கணுக்காலை அது எப்படிக் காக்கும்? துணியில் நாலு புள்ளி வைக்கும் ரோல்-ஆனில் இருப்பதும் பெரும்பாலும் சிட்ரோனெல்லாவும் யூக்கலிப்டஸ் எண்ணெயும்தான். பள்ளி வேன் ஏறும் வரை உதவலாம், ஒரு முழு மாலைக்கு ஆகாது. இதை நம்பிக் கிரீமைத் தவிர்த்துவிடுவதுதான் இதன் பெரிய கெடுதல்.

லெமன் யூக்கலிப்டஸ் என்ற பெயரில் வரும் பிஎம்டி மருந்து வேறு, ஊட்டியில் வாங்கும் நீலகிரித் தைலம் வேறு. முன்னது சோதித்து நிரூபிக்கப்பட்டது, சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும், 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் கூடாது. பின்னதைக் கொசுவுக்கென்று தோலில் தேய்ப்பதில் பயனில்லை. குழந்தை அதை விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நொச்சிச் செடியைத் தொட்டியில் வளர்த்தால் கொசு வராது என்பது ஆசை. சென்னை மாநகராட்சியே கால்வாயோர வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது உண்டு. இலையைக் கசக்கினாலோ கொளுத்தினாலோதான் அதன் எண்ணெய் வெளியே வரும், செடி சும்மா நிற்பதால் வராது. வேப்பிலை, நொச்சி மூட்டம் மாட்டுக் கொட்டகைக்கு இன்றும் நல்ல வழி. மனிதர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குக் கண் எரிச்சல் தாங்காது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் அதே நொச்சியின் காலடியில் ஏடிஸ் பெருகும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தட்டையும், ஏசி தண்ணீர் விழும் வாளியையும் கவிழ்த்துவிட்டு, உட்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் கவிழ்த்தால் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

அல்ட்ராசோனிக் கருவி, மொபைல் ஆப் இரண்டும் முழுக்க வீண். நீல விளக்குப் பொறி ஈசலையும் விட்டிலையும்தான் கொல்லும்.

கொசு பேட் கைவசம் இருக்கட்டும், மேசைக்கு அடியில் வீச நல்லது. ஆனால் அதுவே பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. நீங்கள் ஒன்றை அடிக்கும்போது இன்னொன்று கடித்துக்கொண்டிருக்கும். பேட் சீக்கிரம் செத்துப்போவதற்குக் காரணம் சார்ஜ் போடும் விதம். உள்ளே ஈய பேட்டரி இருந்தால் 8 முதல் 10 மணி நேரத்தில் கழற்றிவிட வேண்டும். இரண்டு நாள் செருகியே வைத்தால் உப்பிவிடும், ஆறு மாதம் சார்ஜே போடாமல் வைத்தால் மறுபடி ஏறாது. லித்தியம் பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. பட்டனை அமுக்கியதுமே படபடவென்று பொறி விட்டால் நடுவலை வளைந்து வெளிவலையைத் தொடுகிறது. பட்டனை விட்டுவிட்டு, மரப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் இரண்டு வலையையும் ஒருமுறை சேர்த்துத் தொட்டு மிச்சக் கரண்டை வடித்த பிறகு, குச்சியால் நிமிர்த்துங்கள். ஒட்டிய கொசுவைக் காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். பூச்சி ஸ்பிரே அடித்த இடத்தில் பேட்டை இயக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

மாடியில் படுக்க வலை

குடை போல விரியும் மடக்கு வலை மாடிக்கு வசதி. அடிப்பக்கம் துணி உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் பாய்க்கும் தரைக்கும் நடுவில் புகுந்துவிடும். கண்ணின் அளவு ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளை என்பது கொசு வலைக்கு ஏற்கப்பட்ட அளவு. கடையில் எண்ணிப் பார்க்க முடியாது, ஆனால் ஒரு துளை ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிட நெருக்கமாக இருந்தால் காற்று வராது, புழுக்கத்தில் நடுராத்திரி வலையைத் தூக்கிவிடுவார்கள்.

மடக்கு வலையில் முதலில் போவது ஜிப் முடியும் மூலை. ஜிப்பை முழுக்க இழுத்த பிறகும் அங்கே விரல் நுனி நுழையும் சின்ன இடைவெளி இருக்கும். வாங்கிய அன்றே நாலு தையல் போட்டு அடைத்துவிடுங்கள். காற்றில் கவிழாமல் இருக்க மெத்தையை வலைக்கு உள்ளே போட வேண்டும், அதன் எடைதான் பிடிமானம். தூக்கத்தில் கையோ முழங்காலோ வலையில் ஒட்டினால் வெளியிலிருந்தே கடிக்கும். ஆகவே ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் அளவு வலை எடுப்பது நல்லது. காலையில் பனி ஈரத்தோடு மடித்தால் கம்பி துருப்பிடித்து, துருக்கறை பட்ட இடத்தில் நூல் இற்றுப்போகும். ஒரு மணி நேரம் வெயில் காட்டிவிட்டு மடியுங்கள்.

மலைக்குப் போகும்போது

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்ட பிறகு, கொசு மருந்து தேடும் புதியவர்கள் கூடியிருக்கிறார்கள். காட்டிலும் தோட்டப் பகுதியிலும் ஏடிஸின் இன்னொரு இனம் பகலிலேயே நிழலில் கடிக்கும். நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, நின்று தண்ணீர் குடிக்கும் ஐந்து நிமிடத்தில்தான் மொய்க்கும். ஆகவே இளைப்பாற ஓடைக்கரை நிழலைத் தேர்ந்தெடுக்காமல், காற்று வீசும் மேட்டைத் தேர்ந்தெடுங்கள். 20 முதல் 30 சதவீத டீட் அல்லது 20 சதவீத பிகாரிடின் இங்கே கைகொடுக்கும். ஓடையில் கால் நனைத்தால் மருந்து போய்விடும், கரையேறித் துடைத்துக்கொண்டு மறுபடி தடவ வேண்டும். தடவிய காலோடு ஓடையில் இறங்குவதையும் தவிர்க்கலாம், அந்தத் தண்ணீரில் மீனும் தவளையும் இருக்கின்றன.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை 0.5 சதவீத அளவில் உடுப்பில் அடித்துக் காயவைத்துப் போடும் முறை வெளிநாட்டு மலையேறிகளிடம் உண்டு, ஆறு சலவை வரை நிற்கும். அது துணிக்கு மட்டும், தோலுக்கு இல்லை. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு. தோட்டத்துக்கு அடிக்கும் பெர்மெத்ரினைக் கலந்து உடுப்பில் தெளிக்க வேண்டாம், அதன் செறிவும் கரைப்பானும் வேறு.

போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், வலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமாலோடு ரத்தப் பரிசோதனைக்குப் போய், எந்த மலைக்கு எந்தத் தேதியில் போனீர்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மலேரியா இரண்டு வாரம் தாண்டியும் தலைகாட்டும், ஆகவே ஒரு மாதம் கழித்து வந்த காய்ச்சலுக்கும் இதைச் சொல்ல மறக்க வேண்டாம்.